கரிச்சட்டியை முதலில் வெளியே வையுங்கள்

திருச்சியிலிருந்து இந்த ஜூன் மாதம் ஊட்டிக்குக் குடிவந்த ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். கணவருக்கு வேலை மாற்றல். காந்தல் பக்கம் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டில் 71 வயது மாமியார், அவருக்கு சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. ஏழு வயது மகளுக்கு அவ்வப்போது வீசிங். கைக்குழந்தைக்கு எட்டு மாதம். கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் குளிர் கடிக்கும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால் ஸ்வெட்டர் தவிர எதுவும் வாங்கி வைக்கவில்லை. ஆனால் நவம்பர் முதல் வாரத்திலேயே ஒருநாள் காலை வாசலில் நின்ற பைக் சீட்டின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளையாகப் படிந்திருந்ததாம்.

பதறிப்போய், பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த இரும்புக் கரிச்சட்டியைப் படுக்கையறையில் வைத்து, ஐந்து பேரும் ஒரே அறையில் படுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஜன்னல் இடுக்கிலெல்லாம் செய்தித்தாளை மடித்துச் செருகி டேப் ஒட்டியாயிற்று. பத்து நாளாகக் காலையில் எழும்போது எல்லோருக்கும் தலை பாரம். மகள் இரண்டு நாள் வாந்தி எடுத்திருக்கிறாள், ஆனால் பள்ளிக்கூடம் போனதும் சரியாகிவிடுகிறாள். "மலை எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல. ஆக்ஸிமீட்டரில் பார்த்தோம், எல்லோருக்கும் 96, 97 இருக்கிறது, அதனால் பயமில்லை என்று விட்டுவிட்டோம்" என்கிறார். மாமியாரைத் திருச்சிக்கே அனுப்பிவிடலாமா, எந்த ஹீட்டர் வாங்கலாம், குழந்தைக்கு ஒரு சொட்டு பிராந்தி கொடுக்கச் சொல்கிறார்களே கொடுக்கலாமா, சுவரில் கருப்பு கருப்பாகப் பூக்கிறதே அதற்கு என்ன செய்வது என்று கடைசியில் நாலு கேள்வி.

நாலு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஐந்தாவது கேள்விக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் பதிலை இங்கே எழுதும்வரை காத்திருக்காமல் அன்றே உங்களுக்குத் தகவல் அனுப்பச் சொன்னேன். இனி இங்கே விளக்கமாக எழுதுவது உங்களுக்கும், உங்களைப் போலவே இன்றிரவு சட்டியில் கரியைக் கொட்டப்போகிற மற்றவர்களுக்கும்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வரும் தலைவலி மலையால் வருவதல்ல. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர். மலை ஏறியதால் வரும் உபாதை பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும், அதுவும் போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று நாளில். நீங்கள் வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஒரே வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை கனப்பது, காலையில் அதிகமாக இருப்பது, வீட்டை விட்டு வெளியே போனதும் சரியாவது, மறுநாள் காலை திரும்ப வருவது: இந்த நாலும் சேர்ந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் நல்ல காற்றைச் சுவாசித்துத் தேறியிருக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, கண் எரியாது, தொண்டை கமறாது. "புகை அடங்கி நல்லா கனிந்த பிறகுதான் உள்ளே கொண்டுவருகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அது தப்பு. புகை என்பது வேறு, இந்த வாயு வேறு. செக்கச்செவேலென்று கனிந்து, ஒரு பொட்டுப் புகைகூட இல்லாமல், பார்க்கவே சுகமாக இருக்கிற கங்கிலிருந்துதான் அது தாராளமாக வந்துகொண்டிருக்கும். மேலே சாம்பல் மூடி அணைந்தது போலத் தெரியும் கங்கிலிருந்தும் வரும். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும் குணம் இதற்கு. தூக்கத்தில் இருப்பவருக்குத் தூக்கம் இன்னும் ஆழமாகிறதே தவிர, மூச்சு முட்டி விழிப்பதில்லை. குளிர் காலத்தில் மலைப் பக்கம் அறையில் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி வருகிறதே, அதன் காரணம் இதுதான்.

ஆக்ஸிமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களை ஏமாற்றியது அதுதான். கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் அந்தச் சின்னக் கருவி இருக்கிறது, 95க்கு மேல் காட்டினால் பயமில்லை என்று மனதில் பதிந்துபோய்விட்டது. ஆனால் விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு, ஹீமோகுளோபினில் ஏறி உட்கார்ந்திருப்பது ஆக்ஸிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து 97 என்றுதான் காட்டும். அதனால் இந்த விஷயத்தில் அந்த எண்ணை நம்பவே கூடாது.

இனி செய்ய வேண்டியது. கரிச்சட்டி இனிமேல் எந்த அறைக்குள்ளும் வேண்டாம், வராந்தாவைக் கதவு போட்டு அடைத்திருந்தால் அங்கேயும் வேண்டாம். கதவை "கொஞ்சம்" திறந்து வைத்துக்கொண்டால் போதுமா என்று கேட்காதீர்கள், எவ்வளவு திறந்தால் போதும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. இதுவரை நடந்ததற்காக ஐந்து பேரும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள். போனதும் "பத்து நாளாக அறையில் கரி மூட்டிப் படுத்தோம்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஜலதோஷம், அஜீரணம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. மாமியாருக்கு ஒரு இசிஜி அவசியம், ஆக்ஸிஜன் குறைந்தால் இதயமும் திண்டாடும். நல்ல காற்றில் இருந்தாலே சில மணி நேரத்தில் இந்த வாயு ரத்தத்தை விட்டுப் பெருமளவு போய்விடும், அதனால் தாமதமாக எடுத்த ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வரலாம், அதை வைத்து ஒன்றுமே நடக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அடுத்த சில வாரங்களில் யாருக்காவது மறதி, குழப்பம், நடையில் தடுமாற்றம், சுபாவத்தில் மாற்றம் தெரிந்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

இனி எப்போதாவது இரவில் யாருக்காவது தலை சுற்றி, எழுப்பினால் எழாமல் கிடந்தால், சட்டியை அணைக்கவோ ஜன்னலைத் திறக்கவோ நேரம் செலவழிக்காதீர்கள். ஆட்களை வெளியே இழுத்து வாருங்கள், 108க்கு அழையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் குளியலறையில் கேஸ் கீசர் இருப்பதாக நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், போகிற போக்கில். அதுவும் இதே வாயுவைத்தான் உண்டாக்கும். கீசரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். மாற்றும்வரை, கதவைத் திறந்து வைத்து வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டு, அப்புறம் உள்ளே போய்க் குளியுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது கண்டிப்பாக.

பக்கத்து வீட்டில் முப்பது வருஷமாக வைக்கிறார்களே?

இந்தக் கேள்வி நியாயமானது, நானும் இதை நிறைய பேரிடம் கேட்டிருக்கிறேன். பழைய ஊட்டி வீடுகளைப் பாருங்கள். ஓட்டுக் கூரை, கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி, சரியாகச் சாத்த முடியாத மரக் கதவு. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் கணப்பு வைத்துக் கட்டினார்கள் என்றால் அதற்கு மேலே புகைபோக்கியும் வைத்துத்தான் கட்டினார்கள். அந்த வீடுகள் ஒழுகின, அந்த ஒழுகலில் விஷமும் சேர்ந்து வெளியே போயிற்று. நீங்கள் இருப்பது கான்கிரீட் தளம் போட்ட, இழுத்துச் சாத்தும் அலுமினிய ஜன்னல் வைத்த வீடு, போதாததற்குச் செய்தித்தாளும் டேப்பும். அங்கே இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாத அதே சட்டி இங்கே பத்தே நாளில் ஐந்து பேரையும் படுத்துகிறது.

தீ இல்லாமல் எப்படிக் கதகதப்பாக இருப்பது

ஊட்டிக் குளிரைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மழை மேகம் இருக்கும் இரவில் அவ்வளவு குளிராது, மேகம் போர்வை மாதிரி. மழை விட்டு வானம் பளிச்சென்று நட்சத்திரமாக இருந்து, காற்றும் அசையாமல் இருந்தால், தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். காந்தல், தலைகுந்தா மாதிரியான இடங்களில் புல்வெளி முதலில் வெளுப்பது அதனால்தான். இந்த வருஷம் மழை நடுவில் இடைவெளி விட்டதும் உறைபனி முந்திக்கொண்டது. தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைச் சாயங்காலமே கோத்தகிரி மிலார் செடியை வைத்து மூடுவார்கள், பார்த்திருப்பீர்கள். செடிக்குச் சூடு காட்டுவதில்லை, இருக்கிற சூடு மேலே போகாமல் மறைக்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கும் அதே வேலைதான்.

பகல் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை வெயில் படும் பக்கத்து ஜன்னல்களை நன்றாகத் திறந்து வையுங்கள். மூன்றரை, நாலு மணிக்கு வெயில் இறங்குவதற்கு முன்பே சாத்திவிட்டுக் கனமான திரைச்சீலையை இழுத்து விடுங்கள். இருட்டிய பிறகு சாத்தினால் அடைபடுவது குளிர்தான். கதவின் அடியில் இருக்கும் சந்துக்குப் பழைய சேலையை உருட்டி வைத்தால் போதும். சிமெண்ட் தரை சூட்டை உறிஞ்சிவிடும், அதன் மேல் தேங்காய் நார் விரிப்பு போட்டு, அதற்கு மேல் ஜமுக்காளம். கட்டில்களை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். எல்லோரும் ஒரே அறையில் படுப்பது நல்ல யோசனைதான், ஐந்து உடம்பின் சூடே ஒரு ஹீட்டர் மாதிரி, தீயை மட்டும் எடுத்துவிடுங்கள். குளிர் காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, முதியவரும் குழந்தையும் இருந்தால் அதற்கும் கொஞ்சம் மேலே. ஒரு சாதாரண அறை வெப்பமானி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், "குளுருது", "குளுரலை" என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதம் குறையும்.

ஹீட்டர் என்றால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டர். அறை சூடாக நேரம் எடுக்கும், ஆனால் தகதகக்கும் கம்பி கிடையாது, போர்வை விழுந்தால் தீப்பிடிக்கும் பயம் குறைவு, காற்றையும் அவ்வளவு வறட்டாது. சிவப்பாக எரியும் கம்பி ஹீட்டர் மலிவுதான், குழந்தை தவழும் வீட்டுக்கு வேண்டாம். எதுவானாலும் துணி, போர்வை, திரைச்சீலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும், அதன் மேல் ஈரத் துணி காயப்போடாதீர்கள். 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் பக்கம் இழுக்கும், அதை 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டுமே செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் ஒயர் உருகும். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டு அறையைச் சூடாக்கிவிட்டு, படுத்த பிறகு தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்தால் பில் கட்டுக்குள் இருக்கும். அதோடு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்குங்கள், ஆன்லைனில் கிடைக்கிறது. கேஸ் கீசர் இருக்கும் வீட்டில் அது வேண்டும். அலாரம் இருக்கிறதே என்று மறுபடி கரிச்சட்டியை உள்ளே கொண்டுவர மட்டும் நினைக்காதீர்கள்.

குழந்தைக்கு பிராந்தி

வேண்டாம். ஒரு சொட்டும் வேண்டாம், நெஞ்சில் தடவவும் வேண்டாம். சாராயம் தோலில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரித்துவிடும், அதனால் மேலுக்குச் சூடாகத் தெரியும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். கைக்குழந்தைக்கு ரத்தச் சர்க்கரையும் இறங்கும். கற்பூரம் கலந்த தைலத்தையும் இரண்டு வயது வரை மூக்குப் பக்கமோ நெஞ்சிலோ தடவாதீர்கள், கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரக்கூடும்.

நீங்கள் போடும் துணியை விட ஒரு அடுக்கு கூடப் போட்டால் குழந்தைக்குப் போதும். கையும் காலும் ஜில்லென்றிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், குழந்தைகளுக்கு அப்படித்தான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பாருங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் சரி, வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள், முகத்தை மூடும் கம்பளியும் தலையணையும் பக்கத்தில் வேண்டாம். ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தாலும் குழந்தை பெரியவர்களின் கனத்த போர்வைக்குள் இல்லாமல் பக்கத்திலேயே தனி இடத்தில் படுக்கட்டும்.

அத்தையை அனுப்பலாமா

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம் இது. "எங்களோடு வந்ததால்தான் அத்தைக்கு இந்தக் கஷ்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை அனுப்புவது பற்றிக் கணவரோடு பேச்சுவார்த்தை முறிகிற அளவு போயிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பத்து நாளில் அவர் பட்டது குளிரால் மட்டுமல்ல, கரியாலும்தான். கரியை எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், கொதிப்பு கூடும், அது உண்மை. திருச்சியில் போதுமாக இருந்த மாத்திரை இங்கே போதாமல் போகலாம், அதனால் இரண்டு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதி, அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம். விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளித்துக் கோலம் போடும் பழக்கம் அவருக்கு நாற்பது வருஷமாக இருக்கிறது என்கிறீர்கள். அதை நிறுத்தச் சொன்னால் மனசு உடைவார். வெயில் வந்த பிறகு, எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாகம் எடுக்காது, அதனால் தண்ணீர் குடிக்க மாட்டார், நீங்கள்தான் வெதுவெதுப்பாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

வெந்நீர்ப் பை பற்றி ஒன்று. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன ஒரு பாட்டி சில வருஷம் முன்னால் என்னிடம் வந்தார். குளிருகிறதே என்று பேரன் பாசத்தோடு வெந்நீர்ப் பையைப் பாதத்தடியில் வைத்து, மேலே கம்பளியும் சுற்றிவிட்டிருக்கிறான். விடிந்து சாக்ஸைக் கழற்றியபோது உள்ளங்கால் தோல் சாக்ஸோடு சேர்ந்து வந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை, ஏன் எல்லோரும் அழுகிறீர்கள் என்று கேட்டாராம். அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. உங்கள் அத்தைக்கு வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்து, படுக்கை சூடானதும் எடுத்துவிட்டு, அப்புறம் அவரைப் படுக்கச் சொல்லுங்கள். காலுக்குக் கம்பளிச் சாக்ஸ் போதும். தினமும் ஒருமுறை பாதத்தைப் பாருங்கள்.

அவருக்கு ஏற்கனவே நெஞ்சுவலியோ, நடந்தால் மூச்சு வாங்குவதோ இருந்தால் டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் கீழே இருப்பது நல்லது என்பேன். அப்படி இல்லையென்றால், திருச்சி வீட்டில் 71 வயதில் சர்க்கரையோடு தனியாக இருப்பதும் ஓர் ஆபத்துதான். ராத்திரியில் சர்க்கரை இறங்கினால் அங்கே யார் எழுப்புவார்கள்? கொழுந்தனார் வீட்டில் இருக்க முடியும் என்றால் அது வேறு. எதுவானாலும் அவரைக் கேட்டு முடிவெடுங்கள், உங்கள் நீண்ட கடிதத்தில் அத்தை என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

சுவரில் பூக்கும் கருப்பு

அது பூஞ்சை. மகளின் வீசிங்குக்கும் அதற்கும் தொடர்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஈரத் துணியை அறைக்குள் காயவைப்பது, குளித்த ஆவியும் சமைத்த ஆவியும் வெளியே போகாமல் இருப்பது, ஜன்னலை டேப் போட்டு அடைத்தது, எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் தண்ணீராக இறங்குகிறது. மகள் வீட்டில் இல்லாதபோது முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெயில் நேரத்தில் நன்றாகக் காயவிடுங்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்று பயந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்களாம். அது பழக்கமாகாது, டாக்டர் சொன்ன அளவில் குளிர் முடியும்வரை கொடுங்கள். அவளுக்கும் அத்தைக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

மேல்மாடிக் குழாய் கசிந்துதான் சுவர் ஊறுகிறது என்றால் எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வரும். "ஊட்டியில் சுவர் அப்படித்தான்" என்று வீட்டுக்காரர் சொன்னதை ஏற்க வேண்டாம். நான் வக்கீல் இல்லை, ஆனால் தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டடப் பழுதும் ஒயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. பவர் பிளக் பாயிண்ட், கசிவு, கீசர் இடம் மாற்றுவது மூன்றையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை, போட்டோவோடு. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று மரியாதையாக எழுதினால் பெரும்பாலானவர்கள் செய்துகொடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று. சட்டி கொடுத்த பக்கத்து வீட்டு அம்மா இந்த வருஷம்தான் மர ஜன்னலை எடுத்துவிட்டு உங்கள் வீட்டில் இருப்பது போலவே அலுமினிய ஜன்னல் போட்டிருக்கிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கொடுத்தது அவரிடம் இருந்த இரண்டில் ஒன்றுதானாம். இன்று சாயங்காலம் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அவரிடமும் இதையெல்லாம் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள், இன்னொரு சட்டி அவர் படுக்கிற அறையில்தான் இருக்கிறது.